நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளை வகுப்பில் தேற: ஆசிரியருக்கான செயல்முறை

"கணக்கு நோட்டை எடுங்கள்" என்றதும் ஒரு பையன் பென்சிலை வீசுகிறான். ஆசிரியர் அவனை வெளியே நிற்கச் சொல்கிறார். பாடம் அமைதியாக நடக்கிறது. மறுநாளும் கணக்கு வேளையில் பென்சில் பறக்கிறது. ஆசிரியர் கொடுத்தது தண்டனை. பையனுக்குக் கிடைத்ததோ கணக்கிலிருந்து விடுதலை. பென்சிலை வீசினால் வெளியே போகலாம் என்பதை இரண்டே நாளில் அவன் கற்றுக்கொண்டுவிட்டான்.

வகுப்பில் தொல்லையாகத் தெரியும் ஒவ்வொரு நடத்தையும் அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. அது என்ன வேலை என்று கண்டுபிடித்து, அதே வேலையை இன்னும் சுலபமாக முடித்துத் தரும் வேறொரு வழியைக் கற்றுக்கொடுத்தால்தான் பழைய வழி கைவிடப்படும். வாசிக்கத் தெரியாத பிள்ளையை "ஒழுங்காக வாசி" என்று திட்டி வாசிக்க வைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். காத்திருப்பது, உதவி கேட்பது, தோற்றால் தாங்குவது, விளையாட்டில் போய்ச் சேர்வது இவையும் அப்படியே கற்றுத்தர வேண்டிய திறன்கள். கீழே உள்ளதை ஒரு பாடத்திட்டம் போல எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: திருத்தாதீர்கள், எழுதுங்கள்

ஒரே ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ஐந்தும் நழுவும். யாருக்காவது அடிபடக்கூடியது எதுவோ அது முதலில். அப்படி எதுவும் இல்லையென்றால் பிள்ளையின் படிப்பை அதிகம் கெடுப்பது எதுவோ அது.

அதைக் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய சொற்களில் எழுதுங்கள். "அடங்க மாட்டான்", "முரண்டு பிடிப்பாள்", "மரியாதை இல்லை" இவற்றை எண்ண முடியாது. "எழுதச் சொன்ன ஒரு நிமிடத்துக்குள் மேசை மேல் உள்ள பொருளைக் கையால் தள்ளுகிறான் அல்லது வீசுகிறான்" என்றால் எண்ணலாம். அதே வகுப்புக்கு வரும் இன்னொரு ஆசிரியர் உங்கள் வரியைப் படித்துவிட்டு, நீங்கள் எண்ணியதையே தானும் எண்ண முடிந்தால் வரி சரியாக இருக்கிறது.

பிறகு ஒரு தாளில் மூன்று கட்டம்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் கிடைத்தது. ஓரத்தில் நேரமும் பாடமும். பள்ளி நாள் ஐந்து, அல்லது பத்துப் பதினைந்து சம்பவம், எது முதலில் நிறைகிறதோ அதுவரை எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

- நேரம்: 10.20, கணக்கு.
- முன்னால் நடந்தது: கரும்பலகையில் உள்ள எட்டுக் கணக்கையும் எழுதச் சொன்னது.
- செய்தது: பென்சில் டப்பாவைத் தரையில் தள்ளினான்.
- பின்னால் கிடைத்தது: ஆசிரியர் பக்கத்தில் வந்தார், திட்டினார், வெளியே அனுப்பினார். 15 நிமிடம் எழுதவில்லை.

எதை அளப்பது என்பது நடத்தையைப் பொறுத்தது. அடிப்பது, கத்துவது என்றால் எத்தனை முறை. அழுகை, இருக்கையை விட்டுத் திரிவது என்றால் எத்தனை நிமிடம். சொன்னதைத் தொடங்கவே மாட்டேன் என்று இருந்தால், சொன்ன பிறகு எத்தனை நிமிடம் கழித்துத் தொடங்குகிறாள் என்பது.

இந்தத் தாள் பெரும்பாலும் மூன்று இடத்தில் கெடுகிறது. மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது முதல் தவறு. மனதை நோகடித்த சம்பவம் மட்டும்தான் நினைவில் தங்கும். நடுக்கட்டத்தில் "வேண்டுமென்றே செய்தான்" என்று காரணத்தை எழுதுவது இரண்டாவது. மூன்றாவது தவறுதான் அதிகம் நடக்கிறது: நன்றாகப் போன வேளைகளை விட்டுவிடுவது. ஓவிய வகுப்பில் ஒரு முறைகூடப் பென்சில் பறக்கவில்லை என்பது கணக்கில் பறந்ததற்கு இணையான தகவல். அங்கே என்ன இருக்கிறது, இங்கே என்ன இல்லை என்ற கேள்வியிலிருந்துதான் பல திட்டங்கள் பிறக்கின்றன.

நடத்தை செய்து கொடுக்கும் வேலை எது?

மூன்றாவது கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். நான்கில் ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

கவனம்: பின்னால் கிடைத்தது ஆசிரியரின் பார்வை, திட்டு, அல்லது வகுப்பின் சிரிப்பு. நீங்கள் வேறு பிள்ளையோடு பேசும்போது தொடங்கும். செய்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். திட்டும் கவனம்தான். பசித்தவனுக்குப் பழைய சோறும் சோறு.

தப்பித்தல்: ஒரு வேலை, ஒரு ஆள், ஓர் இரைச்சல் அங்கிருந்து விலகிப் போகிறது. குறிப்பிட்ட பாடம், குறிப்பிட்ட வகை வேலைக்கு முன் வரும். வேலையை எடுத்துவிட்டால் சட்டென்று அமைதி.

பொருள் அல்லது விருப்பமான செயல்: பந்து, கணினி, வரிசையில் முதலிடம். "இல்லை", "போதும்", "அவனுக்குக் கொடு" என்ற சொற்களுக்குப் பிறகு வரும்.

உடல் உணர்வு: ஆடுவது, தட்டுவது, சட்டைக் காலரைக் கடிப்பது. யாரும் இல்லாத அறையிலும் நடக்கும். இதில் பெரும்பாலானதை நிறுத்தவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. யாருக்கும் காயமில்லை, பாடமும் நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே செயல் இரண்டு பிள்ளைகளிடம் இரண்டு வேலை செய்யும். பாடத்தின் நடுவில் கத்துகிறவர்கள் இருவர்: ஒருத்தி உங்களை அழைக்கிறாள், இன்னொருவன் அறையை விட்டுப் போகக் கத்துகிறான். முன்னவளை நீங்கள் கண்டுகொள்ளாமல் இருந்தால் கத்தல் நாளடைவில் குறையும். பின்னவனை அப்படி விட்டால் அவன் கேட்டதே கிடைத்துவிடும். கத்துகிற நேரமெல்லாம் எழுதாமல் இருக்கலாமே. ஒரு பிள்ளைக்குப் பலித்த முறையை அப்படியே அடுத்த பிள்ளைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு "எதுவும் வேலைக்காகவில்லை" என்று சலித்துப்போவது இதனால்தான்.

குணம் என்று முடிவு கட்டுமுன்

சொன்னதைச் செய்யாத பிள்ளைக்குச் சொன்னது கேட்காமல் இருந்திருக்கலாம். சளி, காது நீர் கட்டுதல் உள்ள பிள்ளைக்குக் கேட்கும் திறன் நாளுக்கு நாள் மாறும். ஒரு நாள் கேட்டதால் மறுநாள் நடிக்கிறது என்று தோன்றும். பலகையிலிருந்து எழுத மறுப்பவளுக்குக் கண் பரிசோதனை நடந்ததா? சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்து, பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தொடரும் பிள்ளைக்கு அது கவனக்குறைவாக இல்லாமல் வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியில் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை திமிரால் அப்படி இருப்பதில்லை. அது பதற்றத்தின் ஒரு வடிவம். "பேசினால்தான் தருவேன்" என்று நெருக்கினால் இன்னும் இறுகும்.

தூக்கம், பசி, பல்வலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து இவற்றை வீட்டாரிடம் ஒரு முறை கேட்டு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் பாடத்தின் நிலை. பென்சில் வீசும் பையனிடம் அந்தக் கணக்குக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள கணக்கைத் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அங்கேயே தடுமாறினால், உங்கள் முன் இருப்பது முதலில் கணக்குச் சிக்கல்.

மாற்று வழியைக் கற்றுத்தருவது

அமெரிக்க ஆய்வாளர்கள் எட்வர்ட் காரும் மார்க் டியூரண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். கடினமான வேலையிலிருந்து தப்பிக்கத் தொல்லை கொடுத்த குழந்தைகளுக்கு உதவி கேட்கும் வாக்கியத்தையும், கவனத்துக்காகச் செய்தவர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றிக் கருத்துக் கேட்கும் வாக்கியத்தையும் கற்றுக்கொடுத்தார்கள். வாக்கியம் நடத்தையின் வேலைக்குப் பொருந்தியபோது தொல்லை குறைந்தது. பொருந்தாத வாக்கியம் பலன் தரவில்லை.

தப்பிக்கிற பிள்ளைக்கு இடைவேளை அட்டை நல்ல தொடக்கம். செய்முறை இது:

1. உள்ளங்கை அளவு அட்டை. ஒரு படம் அல்லது "கொஞ்சம் ஓய்வு" என்ற சொல். மேசையின் ஓரத்தில், கை எட்டும் இடத்தில் ஒட்டி வையுங்கள். டிராயருக்குள் இருக்கும் அட்டையைக் கோபத்தில் யாரும் தேட மாட்டார்கள்.
2. அமைதியான நேரத்தில் பழக்குங்கள். ஒரு நாளுக்கு ஐந்தாறு முறை, மூன்று நாள்: அட்டையைத் தொடு, எனக்குக் காட்டு, ஓய்வு இடத்துக்குப் போ, டைமர் அடித்ததும் திரும்பு.
3. ஓய்வு 2 முதல் 3 நிமிடம். மணல் கடிகாரமோ கண்ணுக்குத் தெரியும் டைமரோ இருக்கட்டும். ஓய்வு இடம் வகுப்புக்குள்ளேயே, அலுப்புத் தட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும். அங்கே விளையாட்டுப் பொருள் வைத்தால் ஓய்வு பரிசாகிவிடும். அட்டை நிமிடத்துக்கு ஒரு முறை எழும்பும்.
4. முதல் வாரம் அட்டை காட்டிய ஒவ்வொரு முறையும் உடனே கொடுங்கள். "இப்போதுதானே போனாய்" என்று ஒரு முறை மறுத்தாலும் அட்டையைவிடப் பென்சில் நம்பகமானது என்று அவனுக்குப் புரியும்.
5. திரும்பி வந்ததும் அதே வேலை காத்திருக்க வேண்டும். ஆனால் சிறிய துண்டாக: எட்டுக் கணக்கில் அடுத்த இரண்டு மட்டும் தெரியும்படி மீதியை ஒரு தாளால் மூடி.
6. வீச்சு இல்லாமல் ஐந்து நாள் போன பிறகு அட்டையின் எண்ணிக்கையைக் குறையுங்கள்: பாடத்துக்கு நான்கு, பிறகு மூன்று. அல்லது "இன்னும் ஒரு கணக்கு, பிறகு ஓய்வு" என்று நீட்டுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

அட்டையை மறந்து வீசிவிட்டால்? அப்போது உடனே ஓய்வு தரக்கூடாது. கையை மெல்ல அட்டைப் பக்கம் காட்டுங்கள், அட்டையைத் தொடட்டும், இரண்டு விநாடி அமைதி, ஒரு சிறு வேலை, பிறகு ஓய்வு. வீசிய உடனே ஓய்வு கிடைத்தால் வீச்சுக்கும் ஓய்வுக்கும் உள்ள முடிச்சு இன்னும் இறுகும்.

கவனம் தேடும் பிள்ளைக்கு, கேட்கும் முன்பே கவனத்தைக் கொடுத்துவிடுங்கள். பதிவுத் தாளில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தொல்லை வருகிறது என்றால், நீங்கள் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை அவள் மேசையருகே போய் ஒரு வரி பேசுங்கள். தொல்லை செய்துகொண்டிருக்கும் அந்த நொடியில் மட்டும் போகாதீர்கள்; சில விநாடி தள்ளிப் போங்கள். இதோடு கை தூக்குவது அல்லது மேசையில் சிவப்பு அட்டையைத் திருப்பி வைப்பது போன்ற ஒரு சைகையைப் பழக்குங்கள். பார்த்துவிட்டேன் என்பதற்கு உங்கள் பக்கமிருந்தும் ஒரு தலையசைப்பு வேண்டும். இல்லையென்றால் சைகை காற்றில் போகும்.

ஒரு சிறு முறையை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்துப் பள்ளி நாள், நாளுக்கு இரண்டு நிமிடம், படிப்பையோ நடத்தையையோ தொடாத பேச்சு. அவளுக்குப் பிடித்த எதையாவது பற்றி. முதல் மூன்று நாள் ஒற்றைச் சொல்லில் பதில் வரும், அதற்காக நிறுத்தாதீர்கள். நல்லபடி நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த இரண்டு நிமிடம் உண்டு. அதைத் தண்டனையாக வெட்டினால் முறையே செத்துவிடும்.

சொல்லும் விதம்

கட்டளை தவறாக இருப்பதால் கிளம்பும் சண்டைகள் ஏராளம். தூரத்திலிருந்து கத்தாமல் ஒரு கை தூரத்துக்குப் போங்கள். பெயர் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை. "பேசாதே" என்பதற்குப் பதில் "படத்துக்குக் கீழே பெயர் எழுது" என்று செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். செய்தே ஆக வேண்டியதைக் கேள்வியாகக் கேட்காதீர்கள்; "நோட்டை எடுக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பதும் நேர்மையான பதில்தான்.

சொன்ன பிறகு 5 முதல் 10 விநாடி வாய் திறக்காதீர்கள். இது கேட்பதற்குச் சுலபம், செய்வதற்குக் கடினம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதை 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். 3 விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதில் சொல்லாமல் போவது குறைந்தது. மெதுவாகச் செரிக்கும் மனதுக்கு நீங்கள் இரண்டாவது முறை சொல்வது புதுக் கட்டளை. முதல் கட்டளை பாதியில் அறுந்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கடினமான வேலைக்கு முன்னால், நிச்சயம் செய்யக்கூடிய இரண்டு மூன்று சின்ன வேலைகளை வேகமாகச் சொல்லுங்கள்: "இந்தத் தாளைப் பிடி. தேதி எழுது. எனக்கு ஒரு எண் சொல்." அந்த ஓட்டத்திலேயே முதல் கணக்கு. தேர்வும் கொடுங்கள், வேலையைத் தவிர்க்கும் தேர்வாக இல்லாமல் வேலைக்குள்ளேயே: முதலில் ஒற்றைப்படை எண் கணக்கா, இரட்டைப்படையா? பேனாவா, பென்சிலா?

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம் பல பிள்ளைகளுக்குச் செங்குத்தான படி. 5 நிமிடம் முன்பு ஒரு முறை, 1 நிமிடம் முன்பு ஒரு முறை அறிவியுங்கள். அன்றைய வேலைகளைப் படமாகவோ சொல்லாகவோ மேலிருந்து கீழாக ஒட்டி, முடிந்ததைப் பிள்ளையே கழற்றட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்தப் பட்டியல் அலங்காரமாக இருப்பதில்லை. அடுத்து என்ன என்ற பயத்தைத் தணிக்கிற மருந்து அது. நாள் மாறப் போகிறது என்றால் காலையிலேயே பட்டியலில் ஒரு கேள்விக்குறி அட்டையை வைத்து, இங்கே வேறொன்று வரும் என்று காட்டிவிடுங்கள்.

பாராட்டு, புள்ளி, தினசரி அட்டை

"வெரி குட்" என்பது பாராட்டின் உறை மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்: "கோபம் வந்தபோது அட்டையை எடுத்தாய்." ஒரு திருத்தலுக்கு நான்கு பாராட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சபையில் பாராட்டினால் கூச்சம் வரும்; நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிள்ளையின் அன்றைய நடத்தைக்குப் புள்ளி போடும் தினசரி அட்டையில் இரண்டு அல்லது மூன்று இலக்கு போதும். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் 0, 1, 2 என்று மதிப்பு. காலையில் ஒருவரிடம் அட்டையை வாங்கி, மாலையில் அவரிடமே கூட்டிப் பார்த்துக் கொடுப்பது. மொத்தத்தில் 80 சதவீதம் என்பது வழக்கமான இலக்கு, ஆனால் அங்கே தொடங்கக்கூடாது. முதல் வாரப் பதிவைப் பாருங்கள். பிள்ளை இப்போது 45 சதவீதத்தில் இருந்தால் இலக்கை 50இல் வையுங்கள். 4 நிமிடம் உட்கார முடிகிறவனுக்கு 3 நிமிடம் முதல் இலக்கு. முதல் மூன்று நாளில் ஒரு முறையாவது வெல்லாத பிள்ளை நான்காம் நாள் அட்டையைக் கிழித்துப் போடும். தவறு அட்டை போட்டவருடையது.

கொடுத்த புள்ளியைத் திரும்பப் பிடுங்காதீர்கள். காலை 9.30க்குச் சண்டை, 10 மணிக்குப் புள்ளியெல்லாம் போயிற்று என்றால் மீதி நாள் முழுக்க அவன் நல்லவனாக இருக்கக் காரணமே இல்லை. பரிசு பொருளாக இருக்க வேண்டியதில்லை. பலகை அழிப்பது, ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது, நண்பனோடு 5 நிமிடம் வரைவது. எதுவாயினும் பிள்ளையைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சலித்துவிடும், மாற்றுங்கள்.

வகுப்பையே அணிகளாகப் பிரித்து, விதி மீறல் குறைந்த அணி வெல்லும் விளையாட்டு ஒன்று உண்டு. 1969இல் நான்காம் வகுப்பு ஒன்றில் சோதித்து வெளியிட்டார்கள், இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. எல்லா அணியும் வரம்புக்குள் இருந்தால் எல்லா அணியும் வெல்லலாம் என்பதுதான் அதன் அழகு. ஆனால் ஒரே ஒரு பிள்ளையால் அணி தோற்றுக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளையின் மேல் வகுப்பின் கோபம் விழும். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் திறன் வரும்வரை தனி அணியோ தினசரி அட்டையோ போதும். பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டும் நட்சத்திரப் பட்டியலையும் இதே காரணத்துக்காகத் தவிர்த்துவிடுங்கள்.

கூட்டத்தில் சேரத் தெரியாத பிள்ளை

விளையாடும் கூட்டத்துக்குள் பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிற பையன் பெரும்பாலும் "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். அவனுக்கு வழியைத் துண்டு துண்டாகக் காட்டுங்கள். முதலில் தள்ளி நின்று என்ன விளையாட்டு, யார் எந்தப் பக்கம் என்று பார். பக்கத்தில் போ, ஆனால் நடுவில் போகாதே. விளையாட்டுக்குப் பொருத்தமாக ஒன்று சொல்: "நல்ல அடி." ஆட்டம் நிற்கும் இடைவெளிக்குக் காத்திரு. அப்போது கேள், அல்லது தேவைப்படும் வேலையைச் செய். ஓடிய பந்தை எடுத்துக் கொடு. மறுத்தால்? இதையும் ஒத்திகை பார்க்க வேண்டும், ஏனென்றால் மறுப்பு நிச்சயம் வரும். "சரி, அடுத்த ஆட்டத்தில்" என்று சொல்லிவிட்டுப் போக இன்னொரு இடம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம், இரண்டு நட்பான பிள்ளைகளோடு நடித்துப் பழகி, அதே நாள் ஆட்ட வேளையில் மைதானத்தில் ஒரு முறை நினைவூட்டுங்கள். அறையில் கற்றது மைதானத்துக்குத் தானாக நடந்து போகாது.

"குழுவாகப் பிரியுங்கள்" என்று சொல்லிவிட்டு நிற்காதீர்கள். யாரும் அழைக்காமல் நிற்கும் அந்த அரை நிமிடம் ஒரு பிள்ளைக்கு முழு நாளையும் கெடுக்கும். குழுவை நீங்கள் அமையுங்கள். நான்கு பேருக்கும் வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: எழுதுபவர், நேரம் பார்ப்பவர், பொருள் எடுத்து வருபவர், சொல்பவர். பதறும் பிள்ளைக்கு முதலில் இருவர் குழு.

சூழ்நிலைக் கதை என்ற முறையை அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். பிள்ளையின் குரலில் ஆறேழு வரி: என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், நான் என்ன செய்து பார்க்கலாம். "மணி அடித்ததும் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். அப்போது சத்தமாக இருக்கும். சத்தம் எனக்குப் பிடிக்காது. நான் கடைசியில் நிற்கலாம். ஆசிரியர் அங்கே இருப்பார்." கதை முழுக்க "செய்யக்கூடாது" என்று நிரம்பினால் அது கதை வடிவில் இன்னொரு திட்டு. சூழ்நிலைக்குச் சற்று முன்பு படியுங்கள், நடந்து முடிந்த பிறகு படித்துப் பயனில்லை.

கண்ணைப் பார்த்துப் பேசும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். பல பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்யாது. தலை திரும்பியிருந்தாலும் சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிந்தால் கேட்டிருக்கிறாள் என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகளைப் போலத் தோன்ற வைப்பது இலக்காக இருக்கக்கூடாது. அவளுக்கு வலிக்காமல், அவள் விரும்பும் அளவுக்குக் கூட்டத்தில் இடம் கிடைக்க வேண்டும்.

வெடிக்கும் நேரம்

நடத்தை ஆய்வாளர் ஜெஃப் கால்வின் பிள்ளையின் கோபம் ஏறி இறங்குவதை ஏழு கட்டமாகப் பிரித்தார்: அமைதி, தூண்டல், கலக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், மீட்பு. கற்றுத்தர முடிவது முதல் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும்தான். ஆனால் அறிவுரைகளில் பெரும்பகுதி நான்காவது ஐந்தாவது கட்டத்தில்தான் கொட்டப்படுகிறது.

கலக்கத்தின் அடையாளம் பிள்ளைக்குப் பிள்ளை வேறு: கால் ஆட்டம், பேனா தட்டல், திடீர் மௌனம், முகம் சிவத்தல். உங்கள் பிள்ளையின் இரண்டு அடையாளங்களைப் பதிவுத் தாளிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். அது தெரிந்ததும் ஒரு தகவலை அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்வது, புத்தகக் கட்டை அடுத்த அறைக்குத் தூக்கிச் செல்லச் சொல்வது, அட்டையைச் சைகையால் காட்டுவது எல்லாம் பலிக்கும். ஏற்றத்தில் பேச்சைக் குறையுங்கள்: ஐந்தாறு சொல் வாக்கியம், தாழ்ந்த குரல், ஒரு கைக்கு மேல் தூரம், பக்கவாட்டில் நின்று. வாசலை மறைக்காதீர்கள். வாதத்துக்குப் பதில் சொல்லாதீர்கள். "இப்போதே" என்ற சொல் வேண்டாம்.

உச்சத்தில் ஒரே வேலை, யாருக்கும் அடிபடாமல் பார்ப்பது. பிள்ளையை இழுத்து வெளியேற்றுவதைவிட மற்றவர்களை வெளியே அழைத்துப் போவது எளிது. அதற்கு ஒரு குறிச்சொல்லும் போகும் இடமும் வகுப்புக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். பிடித்து அமுக்குவதால் மூச்சுத் திணறலும் காயமும் வரும். முறையாகப் பயிற்சி பெறாதவர் செய்யவே கூடாது.

இறக்கம் ஏமாற்றும். பத்து நிமிடத்தில் அமைதியாகத் தெரிவான், உள்ளே இன்னும் கொதிக்கும். அப்போது "ஏன் செய்தாய்?" என்றால் மறுபடி ஏறும். தண்ணீர், தனிமை, சுலபமான வேலை. அரை மணியாவது கடந்த பிறகு, சிலருக்கு மறுநாள், மூன்று கேள்வி: என்ன நடந்தது, அதற்கு முன் உனக்கு என்ன தேவைப்பட்டது, அடுத்த முறை எதை முயலலாம்? பிறகு சரிசெய்தல்: கொட்டியதை எடுத்து வைப்பது, அடிபட்ட பிள்ளைக்கு ஏதாவது நல்லது செய்வது. வாயால் மட்டும் "சாரி" சொல்ல வைத்து அனுப்புவதில் இருவருக்கும் பயனில்லை.

திட்டம் ஏன் கவிழ்கிறது

பழைய வழிக்குப் பலன் கிடைக்காமல் போனதும் நடத்தை முதலில் கூடும். காசு போட்டும் பொருள் விழாத இயந்திரத்தை நாம் முதலில் தட்டுவோமே, அதுபோல. இந்த ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாள் விட்டுக்கொடுத்தால், "இன்னும் பலமாகத் தட்டினால் விழும்" என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். ஒரு நாள் மறுத்து ஒரு நாள் கொடுப்பது இன்னும் மோசம். எப்போதாவது பலிக்கிற வழிதான் மனதை விட்டு எளிதில் போகாது. ஆகவே அந்த வகுப்புக்கு வரும் எல்லோரிடமும், பதிலுக்கு வரும் ஆசிரியர் உட்பட, அரைப் பக்கத் திட்டம் இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குப் புதிய விதி எதையும் சேர்க்காதீர்கள். அடிதடியை மட்டும் கண்டுகொள்ளாமல் விடும் முறையில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம்.

பத்துப் பள்ளி நாள் கழித்து முதல் வாரத் தாளோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை அசையவே இல்லையென்றால் நடத்தையின் வேலையைத் தவறாகக் கணித்திருக்கிறீர்கள். அளவைக் கூட்டாதீர்கள், கணிப்பை மாற்றுங்கள். குறைந்து மறுபடி ஏறினால் பரிசு சலித்திருக்கிறது, அல்லது உதவியை வேகமாக எடுத்துவிட்டீர்கள்.

வீட்டோடு பேசும்போது முதல் அழைப்பு நல்ல செய்தியாக இருக்கட்டும். பள்ளியில் நடந்ததற்கு வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் தினசரி அட்டையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தன்னைத் தானே காயப்படுத்துவது, சாவைப் பற்றிப் பேசுவது, கற்றதை இழப்பது, சில வாரத்தில் ஆளே மாறிப்போவது, உடலில் விளக்கமில்லாத காயம் இவை வகுப்புத் திட்டத்துக்குள் அடங்காதவை. அன்றே பள்ளியின் பொறுப்பாளருக்கும் நிபுணருக்கும் போக வேண்டும்.

ஆண்டு முடிவில் அடுத்த ஆசிரியருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குப் பிடித்தவை மூன்று. கலக்கத்தின் அடையாளம் இரண்டு. எது தூண்டும், எது தணிக்கும். அட்டை இப்போது எந்த எண்ணிக்கையில் இருக்கிறது. முயன்று பலிக்காதவை எவை, எத்தனை நாள் முயன்றீர்கள். பழைய சம்பவங்களின் பட்டியலை அந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். புது வகுப்பின் முதல் வாரத்தில் பழைய அட்டை அதே நிறத்தில், அதே மேசை ஓரத்தில், அவன் வருவதற்கு முன்பே ஒட்டப்பட்டிருக்கட்டும்.